நாவலில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை: கேள்விகளும் பதில்களும்

டவுன் சிண்ட்ரோம் குழந்தையை வளர்க்கும் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதுகிற சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். நாவல் படிப்பது பழக்கம்.

கேள்வி: என் கதையில் மாமியார், "இது உன் வழியில் வந்த குறை" என்று மருமகளைக் குத்துகிறார். மருத்துவப்படி இது சரியா?

மாமியார் சொல்லலாம், நாவல் சொல்லக்கூடாது. 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதுதான் காரணம். இதைப் பிரெஞ்சு மருத்துவர் லெஜூனின் குழுவினர் 1959-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது இது. தாய் செய்ததும் செய்யாததும் இதற்குக் காரணமில்லை. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும், கூடுதல் 21-ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடமாற்ற வகை இருக்கும். அதிலும் சிலருக்குத்தான் பெற்றோரிடமிருந்து வருகிறது, அந்தப் பெற்றோர் அப்பாவாகவும் இருக்கலாம். எந்த வகை என்பதைக் குரோமோசோம் பரிசோதனை சொல்லிவிடும். முடிவு வரும்வரை அந்த வீட்டில் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்று எழுதுங்கள். இரண்டு அத்தியாயம் தாராளமாகத் தேறும்.

கேள்வி: தாய்க்கு 24 வயதுதான். வாசகர் நம்புவாரா?

நம்பலாம். வயது கூடக்கூட வாய்ப்பு கூடும், 40 வயதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. ஆனால் இளம் வயதில்தான் அதிகம் பேர் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் அம்மாக்கள் 35-ஐத் தாண்டாதவர்களே.

கேள்வி: குழந்தையை எப்போதும் சிரிக்கும் தேவதையாக எழுதியிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா?

இல்லை. "கடவுளின் குழந்தை" என்பதும் ஒரு வகையில் ஒதுக்கிவைப்பதுதான். தேவதைக்குப் பிடிவாதம் இருக்காது, கள்ளத்தனம் இருக்காது. என்னிடம் வந்த ஒரு சிறுமி, பயிற்சி அலுத்துப்போனால் காது கேட்கும் கருவியைக் கழற்றித் தண்ணீர்க் குவளைக்கு மேலே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். பேரம் படியும்வரை கை இறங்காது! அவள் பேசியவை இரண்டு சொல் வாக்கியங்கள், புரிந்துகொண்டதோ அதைப்போலப் பல மடங்கு. இந்தக் குழந்தைகள் பலரிடம் இதைப் பார்க்கலாம். வாய்க்குழி சிறியது, தசைகள் தளர்வு, நடுக்காதில் அடிக்கடி நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும். அதனால் பேச்சு பின்தங்கும், புரிதல் முன்னே போகும். "இவளுக்கு என்ன தெரியப்போகிறது" என்று அவள் எதிரிலேயே உறவினர்கள் பேசும் காட்சி உங்கள் நாவலில் உண்டல்லவா? அதை அவள் பக்கமிருந்து எழுதிப் பாருங்கள்.

கேள்வி: கதை பழைய காலத்தில் நடக்கிறது. குழந்தை இறந்துபோவதாக முடிக்கலாமா?

காலத்துக்குப் பொருந்தும். 1980-களின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான், இன்று சுமார் 60. பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். ஆனால் நோய் மட்டும் கொல்லவில்லை. 1982-ல் இண்டியானாவில் உணவுக்குழாய் அடைப்போடு பிறந்த ஒரு குழந்தைக்கு, டவுன் சிண்ட்ரோம் இருந்த காரணத்தால் பெற்றோர் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை. நீதிமன்றமும் தலையிடவில்லை, குழந்தை இறந்தது. 'பேபி டோ' வழக்கு என்பார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. விடுதியில் விட்டுவிடுவது வழக்கமாயிருந்த காலத்தில், பின்னாளில் பிரான்சின் அதிபரான டி காலும் அவர் மனைவியும், டவுன் சிண்ட்ரோமோடு 1928-ல் பிறந்த மகள் ஆனைத் தங்களோடு வைத்தே வளர்த்தார்கள். அவள் 20 வயதில் இறந்தாள். எதனால் இறந்தது என்பதை உங்கள் கதை தெளிவாகச் சொல்லட்டும். வாசகரை அழவைக்க மட்டும் கொல்லாதீர்கள்.

கேள்வி: வில்லன் யார்?

தேவையில்லை. "இங்கே உங்கள் பையன் சந்தோஷமாக இருக்க மாட்டான்" என்று கனிவாகச் சொல்லும் தலைமையாசிரியர் போதும்.

கேள்வி: கடைசியில் அவன் பதக்கம் வாங்க, ஊரே கைதட்டுவதாக வைக்கலாமா?

வேண்டாமே. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஸ்பெயினின் பாப்லோ பினேடா பட்டம் பெற்றார், 2009-ல் சான் செபஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார். உண்மைதான். ஆனால் ஜெயித்துக் காட்டினால்தான் மரியாதை என்று கதை சொல்லிவிடக் கூடாது. வேலை, சம்பளம், அப்பா அம்மாவுக்குப் பிறகு யாரோடு இருப்பது, இவற்றில் அவனுக்கும் ஒரு கருத்து இருக்கும். அதை யாராவது கேட்கட்டும்.

கேள்வி: எழுதும் முன் யாரிடம் பேசுவது?

பெற்றோரிடம் பேசுங்கள். அதற்கு முன் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களிடமே பேசுங்கள். ஒரு சமயத்தில் ஒரே கேள்வி, அப்புறம் காத்திருங்கள். பதில் வர நேரமாகும். பக்கத்தில் இருக்கும் அம்மா பதில் சொல்ல வாயெடுத்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.