லட்சியமா, லட்சமா?

கேள்வி: சின்ன வயசுல பைலட், டாக்டர்னு எவ்வளவு பெரிய லட்சியம் வச்சிருந்தோம்! வளர வளர அதெல்லாம் ஏன் மாறிப் போகுது?

பதில்: மொதல்ல அந்த 'லட்சியம்'. இந்த வார்த்தைய நான் எப்ப போட்டாலும் ஒரு வாசகர் விடாம கடுதாசி போடுவாரு, அது வடமொழி, 'இலக்கு'ன்னு எழுதுங்கன்னு. ஐயா, 'இலக்கு'க்கு ஒட்டுன சொந்தம் 'இலக்கம்', அகராதியப் புரட்டுங்க, குறின்னும் போட்டிருக்கும் நூறாயிரம்னும் போட்டிருக்கும். வடமொழிப் பக்கம் போனா லட்சியத்துக்கும் லட்சத்துக்கும் ஒரே வேரு. எந்த வாசல் வழியா போனாலும் ஆசை போய் நிக்கிறது சம்பளத்துலதான், இதுக்கு நமக்குள்ள என்ன சண்டை? (போன கடுதாசில என்னைய 'அலட்சியம் பிடிச்ச ஆளு'ன்னு திட்டியிருந்தாரு. திட்டுறதுக்கு மட்டும் வடமொழி ஓகே போல.)

சரி, பைலட் ஆகணும்னு ஆசைப்பட்டதா சொல்றீங்க, நான் நம்பல. நான் ரயில் டிரைவர் ஆகப் போறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன், எனக்கு வேண்டியது அந்த ஹாரன் மட்டும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு டூட்டி, கண்ணு கொட்டாம சிக்னலப் பாக்கணும்னு எல்லாம் யாரு கண்டா? ஹாரன மட்டும் கழட்டி கைல குடுத்திருந்தா அன்னிக்கே லட்சியம் நிறைவேறியிருக்கும், வீட்ல இருந்தவங்கதான் ஓடிப் போயிருப்பாங்க. அடுத்த மாசம் ரயில் கார்டு ஆகணும்னு ஆசை, ஏன்னா பச்சைக் கொடி. அதுக்கப்புறம் டாக்டர், ஊசி போடுற கூட்டத்துல இருக்கணும், போட்டுக்கிற கூட்டத்துல இருக்கக் கூடாது, அவ்ளோதான் நம்ம சேவை மனப்பான்மை.

லிண்டா காட்ஃப்ரெட்சன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1981ல சொன்னாங்க, பிள்ளைங்க வேலையத் தேர்ந்தெடுக்கிறத விட பட்டியல்லேருந்து ஒவ்வொண்ணா கோடு போட்டு அடிச்சுக்கிட்டு வர்றதுதான் அதிகம்னு. ஆறுலேருந்து எட்டு வயசுக்குள்ள 'இது பொம்பளைங்க வேலை, அது ஆம்பளைங்க வேலை'ன்னு ஒரு கோடு. ஒம்பதுக்கு மேல 'இதுக்கு மதிப்பு கம்மி, அது நம்மால ஆகாது'ன்னு இன்னொரு கோடு. எனக்கு என்ன புடிக்கும்ங்கிற யோசனை பதினாலு வயசுக்கு மேலதான் வருது, அதுவும் அடிச்சது போக மிச்சத்துல. அதனால கனவு மாறுச்சுன்னு சொல்லாதீங்க, அடிச்சுட்டோம். பென்சில நம்ம கைல குடுத்தது யாருங்கிறது வேற கேள்வி, அத நீங்க கேக்கல.

பைலட்னு சொன்னீங்களே, அப்துல் கலாம் விமானப்படை பைலட் தேர்வுல ஒம்பதாவதா வந்தாரு, இருந்தது எட்டே இடம். ராக்கெட், ஏவுகணை, ஜனாதிபதி எல்லாம் ஆகிட்டு, 2006ல 74 வயசுல சுகோய்-30 போர் விமானத்துல ஏறி உக்காந்தாரு பாருங்க.

எனக்கும் இன்னும் அந்த ஹாரன் வேணும். கூட்ஸ் வண்டின்னாலும் பரவால்ல.