இடுப்புக் கட்டு போட்ட குழந்தையைத் தூளியில் போடலாமா?

கேள்வி: என் ஒன்றே கால் வயது மகளுக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்ததைச் சரிசெய்து, மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து மதுரைக்குப் போய்க் கட்டை மாற்ற வேண்டும். கணவர் கடலுக்குப் போகிறவர்; வீட்டில் நானும் மாமியாரும்தான். சிறுநீர் உள்ளே இறங்கி வாடை அடிக்கிறது. தூளியில் போட்டால்தான் தூங்குவாள். போடலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: தூளி வேண்டாம். துணி இரு பக்கமும் நெருக்கும்போது கட்டின் விளிம்பு வயிற்றிலும் தொடையிலும் குத்தும். அதைவிட முக்கியம், தூளியில் பிட்டம்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்து கிடக்கும். கழிகிற சிறுநீர் நேரே முதுகுப் பக்கம் கட்டுக்குள் ஓடும். உங்கள் வாடைக்குத் தூளியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாவுக்கட்டா, ஃபைபர் கட்டா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் உள்ளே இருப்பது பஞ்சு. ஃபைபர் நனைந்தால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; நனைந்த பஞ்சு தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும். ராமேஸ்வரம் தீவின் உப்புக் காற்றில் துவைத்த துணியே சரியாகக் காயாத நாட்கள் உண்டு. கட்டுக்குள் போன ஈரம் எப்படிக் காயும்?

ஆகவே இரண்டு டயப்பர் போடுங்கள். சிறிய அளவு டயப்பரை, ஒட்டும் பட்டைகளை மடக்கிவிட்டு, கட்டின் திறப்புக்குள் முன்னும் பின்னும் விளிம்புக்கு அடியில் செருகுங்கள். அதன்மேல் பெரிய டயப்பரைக் கட்டோடு சேர்த்து ஒட்டுங்கள். உள்ளே செருகச் சானிட்டரி நாப்கினும் உதவும், செலவும் குறையும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, இரவில் மூன்று நான்கு மணிக்கொரு முறை மாற்றுங்கள். கட்டு இருக்கும்வரை துணிக் கோவணம் வேண்டாம். படுக்கும்போது தோள் முதல் இடுப்பு வரை தலையணைகளைச் சரிவாக அடுக்கி, தலைப்பக்கம் உயர்ந்திருக்கச் செய்யுங்கள். குதிகால் எதிலும் அழுந்தாமல் காற்றில் நிற்கட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் கண்முன் குப்புறப் போட்டும் விளையாட விடலாம். கால்களுக்கு நடுவில் குச்சி வைத்துக் கட்டியிருந்தால் அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

அரிப்பெடுத்தால் ஈர்க்குச்சியைத் தேட வேண்டாம். தோலில் ஒரு கீறல் விழுந்தால் கட்டுக்குள் அது யார் கண்ணிலும் படாது. கட்டின்மேல் விரலால் தட்டுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் சூடில்லாத காற்றை மட்டும் ஊதுங்கள். எண்ணெய், பவுடர் இரண்டும் உள்ளே போகக் கூடாது. மாமியாரிடம் இதைச் சற்று அழுத்தமாகவே சொல்லுங்கள்.

இந்த வயதுக் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் அந்த இடுக்கில் போடும். சோழி, புளியங்கொட்டை, பாதி கடித்த முறுக்கு, பின்னாலேயே எறும்பு. ஊட்டும்போது கட்டின் மேல்விளிம்பைத் தளர்வான பனியனால் மூடுங்கள். தினமும் ஒரு முறை டார்ச் அடித்து விளிம்பெல்லாம் பாருங்கள். மணலில் உட்கார வைக்காதீர்கள்.

உணவைச் சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுங்கள். வயிறு உப்பினால் கட்டு இறுக்கும். படுத்தே கிடப்பதால் மலச்சிக்கல் வரும். தண்ணீர், பழம், கீரை வேண்டும். மீன் ஆகாது என்பார்கள். முள் நீக்கித் தாராளமாகக் கொடுங்கள்.

தினமும் கால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல்கள் நீலமாகவோ சில்லிட்டோ போனால், வீங்கினால், அசையாவிட்டால், அழுகை அடங்காவிட்டால், வயிறு உப்பித் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், காய்ச்சலோடு அழுகிய வாடை வந்தால் ஆறு வாரம் வரை காத்திருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள்; ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இப்போது வரும் வாடையையும் டயப்பர் முறையை மாற்றி இரண்டு நாள் பாருங்கள். குறையாவிட்டால் கட்டுப் போட்டவர்களிடமே காட்டுங்கள். வீட்டில் வெட்டவோ ஊறவைக்கவோ வேண்டாம்.

மதுரைக்குப் பஸ்ஸைவிட ரயில் வசதி. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. இருக்கையில் தலையணை போட்டுக் குழந்தையைச் சாய்த்துக்கொள்ளலாம், டயப்பரும் மாற்றலாம். நிலையத்துக்குப் போக இருசக்கர வண்டி வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.