கிளட்ச் பெடல் மேல் கால் இருக்கலாமா?

கேள்வி: கார் ஓட்டும்போது இடது காலை கிளட்ச் பெடல் மேலேயே வைத்திருக்கிறேன். அழுத்துவதில்லை, சும்மாதான். கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. காலின் எடையே போதும். இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கும், ஸ்பிரிங் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் தட்டு இறுகப் பிடிபட்டிருக்கிறது. அந்தப் பிடி வழியாகத்தான் இன்ஜினின் விசை கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் என்ற பாகம் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடியை விடுவிக்கும். கியரில் இருக்கும் கார் நின்றாலும் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று ஓட முடிவது இதனால்தான். உங்கள் கால் அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலே தட்டு வழுக்கும், சூடேறும், தேயும். ரிலீஸ் பேரிங்கும் ஓயாமல் சுமை தாங்கித் தேய்ந்துபோகும்.

எனக்கு இன்னும் வருத்தம் தருவது, மேட்டில் பிரேக் போடாமல், பெடலைப் பாதி அழுத்திய அரை கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம். நான் கழற்றிய கருகிய தட்டுகளில் பல அப்படி ஓட்டியவர்களுடையவை. தயவுசெய்து அங்கே ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

அப்புறம், ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? தட்டு வழுக்கத் தொடங்கியிருக்கலாம். தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.