அக்காவையும் தம்பியையும் ஒன்றாகத் தத்தெடுக்கலாமா?

கேள்வி: ஃபாஸ்டர் கேரில் (பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை வேறொரு குடும்பம் தற்காலிகமாக வளர்க்கும் ஏற்பாடு) இருக்கும் ஐந்து வயது அக்காவையும் இரண்டு வயதுத் தம்பியையும் தத்தெடுக்க யோசிக்கிறோம். எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சமாளிக்க முடியுமா? சின்னவனை மட்டும் கேட்டால் தப்பா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சின்னவனை மட்டும் கேட்காதீர்கள். அந்த யோசனை எங்களுக்கும் ஒரு வாரம் இருந்தது, அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளை சுலபமாக ஒட்டிக்கொள்வான், பெரியவளுக்கு எல்லாம் நினைவிருக்குமே என்பதுதான் எங்கள் கணக்கு. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது உண்மைதான். கடைசியில் எங்களைக் காப்பாற்றியதும் அந்த நினைவுதான்.

நாங்கள் தத்தெடுத்த அக்காவும் தம்பியும் எங்களிடம் வந்தபோது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டே கால். ஏழு வருடம் ஓடிவிட்டது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவள் தன் தட்டைத் தொடவே இல்லை. அவன் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் முடித்ததும் தன் சட்டைக் கையாலேயே அவன் வாயைத் துடைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தாள். ‘எவ்வளவு பொறுப்பான பிள்ளை!’ என்று நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பூரித்துப்போனோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆறு வயதில் ஒரு குழந்தைக்கு அவ்வளவு பொறுப்பு இருக்கிறதென்றால், அதைச் செய்ய வேண்டிய பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை என்றுதான் அர்த்தம்.

ராத்திரியில் அவன் அழுதால் நான் எழுந்து ஓடுவதற்குள் அவள் அவன் கட்டிலருகே நிற்பாள். அவனோ என்னை அடித்து உதைத்துவிட்டு அவளிடம் தாவுவான். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “நீ குழந்தைம்மா, போய்த் தூங்கு. இனிமே அவனை நான் பார்த்துக்கிறேன்” என்று தினமும் சொன்னேன். சாப்பாடு ஊட்டுவதையும் நிறுத்தச் சொன்னேன். பாரத்தை இறக்கிவைக்கிறோம் என்பது என் எண்ணம். அவளுக்கோ இருந்த ஒரே வேலையும் போய்விட்டது. மூன்றாவது வாரம் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள், பேச்சையும் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் எங்கள் சமூகப் பணியாளரிடம், “தம்பியை மட்டும் வெச்சுக்கிட்டு என்னை அனுப்பிடுவாங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பணியாளர் எனக்குச் சொன்ன யோசனை மிகவும் எளிமையானது. அந்த வேலையைப் பிடுங்காதீர்கள், அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அன்று ராத்திரி அவன் அழுதபோது அவளிடம், “எனக்குத் தெரியலம்மா, நீ எப்படித் தூங்க வைப்ப?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னை அளந்து பார்த்தாள். அப்புறம் என் விரலைப் பிடித்து அவனுடைய இடது காதுக்குப் பின்னால் வைத்து மெதுவாகத் தேய்க்கச் சொன்னாள். “ரொம்ப அழுத்தக் கூடாது.” இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டான். அவனைப் பற்றி எங்களுக்குத் தந்திருந்த தடிமனான ஃபைலில் தடுப்பூசிக் கணக்கு, எடை, நீதிமன்றத் தேதிகள் எல்லாம் இருந்தன. இந்தக் காது விஷயம் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவனுடைய முதல் இரண்டு வருடங்களுக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அவள்தான்.

பிறகு தேடிப் படித்தபோது ஒரு பழைய பதிவு கண்ணில் பட்டது. இன்றைய செக் நாட்டில் இருந்த டெரசின் நாஜி முகாமிலிருந்து பிழைத்த, பெற்றோரை இழந்த ஆறு யூதக் குழந்தைகள் 1945-இல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். எல்லோருக்கும் மூன்று வயதை ஒட்டித்தான் இருக்கும். அவர்களைக் கவனித்ததைப் பற்றி, குழந்தைகள் மனநல நிபுணர் அன்னா ஃபிராய்டும் அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்களில் ஒருவரான சோஃபி டானும் 1951-இல் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள்கூட இல்லை. ஆனாலும் ஒருவரைவிட்டு ஒருவர் சிறிது நேரம் பிரிந்தாலும் தவித்துப்போனார்கள். பெரியவர்களைக் கிட்டே சேர்க்காதவர்கள், சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்ததா என்று பார்த்தார்கள். அதைப் படித்தபோது எங்கள் முதல் ராத்திரித் தட்டுதான் ஞாபகம் வந்தது. 2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும், ஒட்டுதல் உள்ள உடன்பிறப்புகளைப் பிரிக்கக் கூடாது என்பதையே பொதுவிதியாக வைத்திருக்கின்றன. விலக்கும் உண்டு. ஒரு குழந்தையால் இன்னொன்றுக்குத் தொடர்ந்து ஆபத்து என்றால் தனித்தனி வீடுதான் சரி. ‘எங்களுக்கு ஒன்று போதும்’ என்பது அந்த விலக்கில் வராது. இரண்டு பேர் உங்களால் முடியாது என்று மனதில் பட்டால் இருவரையுமே விட்டுவிடுங்கள். அதில் குற்றமில்லை. வேறு யாராவது சேர்த்து எடுக்கக்கூடும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஃபாஸ்டர் கேரின் முதல் நோக்கம், முடிந்தால் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமே திரும்பச் சேர்ப்பது. அதனால் இந்த இரண்டு பேரும் சட்டப்படி தத்துக்கு விடப்பட்டவர்களா, மேல்முறையீடு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருவரும் எப்போதும் ஒரே வீட்டில்தான் இருந்தார்களா, வேறு அண்ணன் தம்பி அக்கா தங்கை எங்காவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அண்ணன் இருப்பது எங்களுக்கு எட்டு மாதம் கழித்து மகள் வாயால்தான் தெரியவந்தது. யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. இப்போது அவனும் எங்கள் பிள்ளைகளும் மாதம் ஒருமுறை பேசுகிறார்கள்.

இதுவரை பார்த்துக்கொண்டவர்களோடு சண்டை வேண்டாம். பிள்ளைகள் முன்னால் அவர்கள் வாய்விட்டு, “போய் நல்லா இருங்க” என்று வழியனுப்பட்டும். அங்கிருந்து வரும் போர்வையைத் துவைத்துவிடாதீர்கள். நான் துவைத்தேன். பழைய வாசனை போனதற்கு அவன் இரண்டு நாள் அழுதான். பெயரை மாற்றலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் கையோடு கொண்டுவந்தது பெயர் ஒன்றைத்தான், அதையும் பிடுங்காதீர்கள்.

முதல் சில வாரம் இருவரும் ரொம்ப நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். அதை நம்பாதீர்கள், விருந்தாளிகள் அப்படித்தான் இருப்பார்கள். அப்புறம் பொருள்கள் பறக்கும். உங்களைச் சோதிக்கிறார்கள் என்றால் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன், எல்லா நாளும் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றாலும். மகளின் தலையணை உறைக்குள் பிஸ்கட் துண்டுகள் கிடைத்தபோது திட்டவில்லை. மூடிபோட்ட ஒரு டப்பாவைக் கொடுத்து, இது உன்னுடையது, எப்போதும் நிறைந்தே இருக்கும் என்றோம். தினமும் ராத்திரி நிரப்பினோம். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, டப்பாவில் கலர் பென்சில் போட்டுக்கொள்ளவா என்று அவளே கேட்டாள்.

இரண்டு பேரை ஒரே நேரத்தில் சமாளிக்க முடியுமா என்றால், ஒரு ஆள் தனியாக இருக்கும் நேரங்களில் கஷ்டம்தான். வாரத்தில் சில மணி நேரமாவது ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரியவளுக்குத் தம்பி பக்கத்தில் இல்லாமல் விளையாடுவதே முதலில் தெரியாது. எங்கள் மகள் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, “அவன் இப்ப என்ன பண்றான்?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பாள். ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னோம். பிறகு பத்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது.

இரண்டாவது வருடத்தில் ஒருநாள் சமையலறையில் இருந்தேன். உள்ளே ஒரே சத்தம். அவள் வரைந்துகொண்டிருந்த படத்தில் அவன் கிறுக்கிவிட்டிருக்கிறான். அதுவரை அவனை ஒரு வார்த்தை அதட்டியது கிடையாது. முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அழுதுகொண்டே என்னிடம் ஓடிவந்தாள். “அம்மா, இவனைப் பாருங்கம்மா! எதுக்குத்தான் இவன் எனக்குத் தம்பியா வந்தானோ!” அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.