வராதவர்களின் கணக்கு: உளவியல் கிளினிக்கில் பொதுச் சுகாதாரப் பார்வை

கேள்வி: தனியாகக் கிளினிக் நடத்தும் சிகிச்சை உளவியலாளர் நான். வாரத்துக்கு 24 மணி நேரம் ஆட்களைப் பார்க்கிறேன். வாரத்துக்கு 4 பேர் புதிதாக வருகிறார்கள். காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதற்கிடையில் ஒரு கல்லூரி, தன் 1,000 மாணவர்களுக்கும் பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்) படிவம் கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறது. பயிற்சிகளில் கேட்ட ‘பொதுச் சுகாதார அணுகுமுறை’ எல்லாம் அரசுத் திட்டங்களுக்கு உரியது போலத்தான் தோன்றுகிறது. என் போன்றவருக்கு அதில் என்ன இருக்கிறது? கல்லூரிக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: கல்லூரி கேட்ட வடிவத்தில் செய்ய முடியாது என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் பட்டியல்.

எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது நம் தொழில். பொதுச் சுகாதாரம் கேட்பதோ ‘எத்தனை பேரில் இத்தனை பேர்?’ என்று. 20 பேர் தேறினார்கள் என்பது பாதிச் செய்திதான். 25 பேரில் 20 பேரா, 90 பேரில் 20 பேரா? போன் செய்துவிட்டு வராதவர், ஒரே சந்திப்போடு நின்றவர், காத்திருந்து சலித்துப் போனவர் என எல்லோரும் ‘எத்தனை பேரில்’ என்ற அந்தக் கீழ் எண்ணுக்குள் இருக்கிறார்கள். கேஸ் ஃபைல்களில் அவர்கள் தட்டுப்படுவதில்லை.

அவர்களைப் பிடிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: தொடர்புகொண்ட தேதி, முதல் சந்திப்புத் தேதி, இரண்டாவதுக்கு வந்தாரா, எத்தனையாவது சந்திப்போடு நின்றார், பிஎச்க்யூ-9இல் முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண். பெயர் எழுத வேண்டாம், ஃபைல் எண் போதும். மூன்று மாதம் எழுதினால் ஆட்கள் எந்தக் கட்டத்தில் உதிர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் சந்திப்புக்கு முன்பே என்றால் காத்திருப்பைச் சந்தேகியுங்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் என்றால் நேரம், தூரம், கட்டணம் ஆகியவற்றைப் பாருங்கள்; முதல் நாளில் நீங்கள் கேள்வி மட்டும் கேட்டு, கையில் எதுவும் கொடுக்காமல் அனுப்பினீர்களா என்றும் பாருங்கள்.

இந்த நோட்டில் பலரும் இடறுவது கடைசிக் கட்டத்தில். சிகிச்சையை முடித்தவர்களிடம் மட்டும் கடைசி மதிப்பெண் வாங்கினால், பாதியில் விட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். சராசரி பளபளப்பாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நிமிட வேலைதான். யார் எப்போது நின்றாலும் அவருடைய கடைசி எண் உங்களிடம் இருக்கும்.

இனி உங்கள் நேரக் கணக்கு. ஒருவருக்குச் சராசரியாக 12 சந்திப்பு என்று வைத்துக்கொண்டால், வாரம் 24 மணி நேரத்தில் 2 பேருக்குத்தான் முழுச் சிகிச்சை தர முடியும். வருவதோ 4 பேர். ஆக, பட்டியல் வாரத்துக்கு 2 பேர் கூடும். 26 வாரத்தில் 52 பேர். நீங்கள் இன்னும் கடுமையாக உழைத்தாலும் இது தீராது.

இதற்குத்தான் படிநிலைச் சிகிச்சை: லேசான பாதிப்புக்குச் சிறிய உதவியில் தொடங்கி, போதவில்லை என்றால் அடுத்த படிக்கு ஏற்றுவது. பிஎச்க்யூ-9 கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய 9 கேள்வி. மொத்தம் 0 முதல் 27 வரை. 5 லேசானது, 10 மிதமானது, 15 சற்றுக் கடுமையானது, 20 கடுமையானது என்று எல்லைகள். 5 முதல் 9 வரை உள்ளவர்களுக்கு வழிகாட்டலோடு கூடிய சுய உதவிக் கையேடும் இரண்டு வாரத்தில் மறு அளவீடும் பெரும்பாலும் போதும். 10 முதல் 14 வரை உள்ளவர்களில் பலரைக் குழுவில் பார்க்கலாம். அதற்கு மேல் தனிச் சிகிச்சை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 11 வாங்கிய ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் படுக்கையில் கிடக்கலாம்.

8 பேர் கொண்ட குழு, 6 வாரம், ஒவ்வொரு முறையும் 90 நிமிடம், அதோடு குறிப்பெழுத அரை மணி. மொத்தம் 12 மணி நேரம், அதாவது இன்று ஒரே ஒருவருக்கு நீங்கள் செலவிடும் நேரம். இரண்டு குழு நடத்தி (வாரம் 4 மணி), முதல் மதிப்பீட்டுக்கு 4 மணி ஒதுக்கி, மீதி 16 மணியைத் தனிச் சிகிச்சைக்கு வைத்தால் வாரத்துக்கு 4 பேரை எடுக்கலாம். ஆனால் வருகிறவர்களில் மூன்றில் இருவர் குழுவுக்குப் பொருந்த வேண்டும். அது கொஞ்சம் பேராசை. ஒரு குழுவோடு தொடங்குங்கள். அப்போதும் 2 என்பது ஏறக்குறைய 3 ஆகும். ஏற்கெனவே காத்திருப்பவர்கள் இதனால் குறைய மாட்டார்கள், புதிதாகச் சேரும் வேகம்தான் குறையும்.

படிநிலை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: கீழ்ப்படியில் போட்டவரை அங்கேயே மறந்துவிடுவது. பிஎச்க்யூ-9இல் 5 புள்ளி குறைவது கவனிக்கத்தக்க மாற்றம். நான்காவது சந்திப்புக்குள் அது வரவில்லை என்றால் மேல் படிக்கு மாற்றுவது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். தற்கொலை எண்ணம், மாயக்குரல் அல்லது பிரமை, பித்தெழுச்சியின் (மேனியா, அளவுமீறிய உற்சாக நிலை) அறிகுறிகள், வீட்டில் வன்முறை இருப்பவர்கள் கீழ்ப்படியில் காலே வைக்கக் கூடாது, நேராக உங்களிடம்.

இப்போது கல்லூரி. இந்தச் சோதனை, நோயுள்ளவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாக விடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 100 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு இருந்தால் 85 பேர் பிடிபடுவார்கள். மீதி 900 பேரில் 135 பேர் தவறாகச் சிக்குவார்கள். ‘உண்டு’ என்று வந்த 220 பேரில் உண்மையானவர்கள் 39 சதவீதம்தான். உங்கள் கிளினிக்கில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இருந்தால், அதே சோதனை 85 சதவீதம் சரியாக இருக்கும். படிவம் மாறவில்லை, அதை நீட்டிய கூட்டம்தான் மாறியது. கிளினிக்கில் நன்றாக வேலை செய்த படிவம் கல்லூரியிலும் அப்படியே செய்யும் என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

அந்த 220 பேரையும் நேர்காணல் செய்து பிரிக்க வேண்டும். வாரம் 4 மணி ஒதுக்கினால் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய பரிசோதனைக் கொள்கைகளில் ஒன்று, நோயை உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது. இங்கே அது இல்லை. ஒன்பதாவது கேள்வி வேறு இருக்கிறது: இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. அதில் 0 தவிர வேறு எதைக் குறித்தாலும் அன்றே ஒருவர் அந்த மாணவரோடு பேச வேண்டும். திங்களன்று நிரப்பிய படிவம் வெள்ளிக்கிழமை வரை மேசையில் கிடந்தால், கேட்காமலே இருந்திருக்கலாம்.

அப்படியானால் கல்லூரிக்கு என்ன தரலாம்? தேவை எவ்வளவு என்று அறிய, பெயரில்லாத கணக்கெடுப்பு. அதற்குப் பிஎச்க்யூ-8 போதும். ஒன்பதாவது கேள்வி இல்லாத வடிவம் அது. யாரென்று தெரியாதவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிராது. உதவி எண்ணும் சந்திக்க வேண்டிய இடமும் ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் இருக்கட்டும்.

முடிவு வந்ததும் தனி மாணவர்களைத் தேடாமல் கல்லூரியின் நடைமுறையைப் பாருங்கள். தொற்றுநோயியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் சுட்டிய கருத்து இங்கே பொருந்தும்: சிறு ஆபத்தில் இருக்கும் பெருங்கூட்டம், பெரும் ஆபத்தில் இருக்கும் சிலரைவிட அதிக நோயாளிகளைத் தரக்கூடும். ஒப்படைப்புக்குக் கடைசி நேரம் நள்ளிரவு 12 என்று இருந்தால் எல்லோருடைய தூக்கமும் ஒன்றாகக் கெடுகிறது. அதை மாலை 6 ஆக்க ஒரு சுற்றறிக்கை போதும், உளவியலாளரின் நேரம் ஒரு மணிகூடச் செலவாகாது. இதைச் சொன்னால் நிர்வாகம் முகம் சுளிக்கலாம். மாணவர்களைப் பரிசோதிப்பது தங்கள் விதிகளைப் பரிசோதிப்பதைவிட எளிது அல்லவா. கூடவே, விடுதிக் காப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சி: எதைக் கவனிப்பது, எப்படிக் கேட்பது, யாரிடம் அனுப்புவது. உங்களிடம் வரும் வழி எதுவென்று ஒரு போன் எண்ணோடு முடிவு செய்துகொள்ளுங்கள்.

அறிக்கை தரும்போது துறை, ஆண்டு, பாலினம் என்று பிரித்துக்கொண்டே போகாதீர்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் 5 பேருக்குக் குறைவாக வந்தால் எண்ணைப் போடாமல் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் அந்தத் துறையில் இரண்டே மாணவிகள் என்றால், அவர்கள் யார் யார் என்று வகுப்புக்கே தெரியும்.