சங்கில் புகட்டும் சோம்புத் தண்ணீர்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு மாதம். பொழுது சாய்ந்தால் வயிறு உப்பி வீறிட்டு அழுகிறாள். மாமியார் சோம்பைக் கொதிக்கவைத்து வடிகட்டி, தினமும் இரண்டு சங்கு புகட்டுகிறார். பால் ஊறும் என்று எனக்கும் ஒரு செம்பு தருகிறார். கொடுக்கலாமா? – ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: உங்கள் மாமியாரின் கைமருந்து வெறும் நம்பிக்கை அன்று. பெருஞ்சீரகம் என்றும் நாம் சொல்லும் இவ்விதையில் உள்ள அனெத்தோல் என்னும் மணப்பொருள் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியது. விருந்து முடிந்ததும் பெரியவர்கள் ஒரு சிட்டிகை மெல்வது வீணான வழக்கமல்ல. ஆனால் குழந்தைக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

சோம்பில் எஸ்ட்ராகோல் என்ற வேறொரு பொருளும் சிறிதளவு உண்டு. அது மிகுந்த அளவில் சுண்டெலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கியதையும், குழந்தைகளிடம் போதிய ஆய்வு இல்லாததையும் கருதி, 4 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சோம்புக் கஷாயம் வேண்டாம் என்கிறது ஐரோப்பிய மருந்து முகமை. பெரியவர்களுக்கே வேளைக்கு 1.5 முதல் 2.5 கிராம் விதை, நாளைக்கு மூன்று வேளை, அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்பது அதன் வரம்பு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்தச் சங்குதான். இரண்டு சங்கு தண்ணீர் அந்தச் சிறு வயிற்றை நிரப்பினால், அவள் குடிக்க வேண்டிய தாய்ப்பால் அந்த அளவுக்குக் குறையும். நீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும், சரியாகக் கழுவாத சங்கின் மூக்கில் கிருமி தங்கும். முதல் 6 மாதம் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் செம்பையும் நிறுத்திவிடுங்கள். சோம்பு பாலைப் பெருக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதே பாலை ஊறவைக்கும். குருமாவில் அரைத்துவிடும் சோம்பால் கெடுதல் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

மாலை அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். அனுபவப்பட்ட கை அதற்கு வேண்டும். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.