தாத்தா சாய்ந்து நிற்கும் கார் எது? கேள்வி பதில்

பழைய தெருப் படங்களிலும் சினிமாக் காட்சிகளிலும் தெரியும் கார்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): ஐயா, எங்கள் தாத்தா ஒரு பிளசர் காரில் சாய்ந்து நிற்கும் படம் வீட்டில் இருக்கிறது. எல்லாரும் அம்பாசடர் என்கிறார்கள். காரின் பின்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. அம்பாசடர்தானா?

பதில்: இல்லை அம்மா, அது லேண்ட்மாஸ்டர். பின் மட்கார்டு முடியும் இடத்தைப் பாருங்கள். உங்கள் படத்தில் அது உருண்டையாக இறங்கிவிடுகிறது. அம்பாசடராக இருந்தால் டெயில் லைட்டுக்கு மேலே சின்ன முனை ஒன்று தூக்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் செய்தது உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது, மூன்றாம் வரிசை அம்பாசடர் ஆனது. இரண்டுக்கும் கூரையும் கதவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நடுப்பகுதியை விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் பாருங்கள். உங்களிடம் இருப்பது அருமையான படம். லேண்ட்மாஸ்டர் சில வருடங்கள்தான் வந்தது, 1950-களோடு முடிந்துபோனது.

கேள்வி (சேலம்): அம்பாசடரில் எது எந்தக் காலத்து வண்டி என்று சொல்ல முடியுமா?

பதில்: முன்பக்கம் தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். காரின் முகத்தில் இருக்கும் கம்பிச் சட்டம்தான் கிரில். பொடிப்பொடியாக நெருங்கிய கட்டங்கள் உள்ள கிரில் என்றால் மார்க் 2, அது 1960-களின் தொடக்கத்தில் வந்தது. 1979-ல் வந்த மார்க் 4-க்கு கிரில் சிறியது, கட்டங்கள் பெரியவை. ஆனால் பழைய வண்டிக்குப் புது கிரில் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். கிரிலை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி (சென்னை): மவுண்ட் ரோடு படம் ஒன்றை ‘1960’ என்று எழுதிப் பலரும் பகிர்கிறார்கள். டிராம் ஓடுகிறது, பெரிய பெரிய அமெரிக்கக் கார்கள் போகின்றன. வருடம் சரியா சார்?

பதில்: சரியில்லை. சென்னையில் டிராம் 1953 ஏப்ரலில் நின்றுவிட்டது. தண்டவாளம் மட்டும் தெரிந்தால் அதற்குப் பிறகும் இருக்கலாம், ஓடும் டிராம் தெரிந்தால் அதற்கு முன்புதான். ‘இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது’ என்ற இந்த மாதிரி மேல் எல்லையைக் கார் ஒருபோதும் தராது. கார் சொல்வதெல்லாம் ‘இதற்கு முன் இந்தப் படம் இருந்திருக்க முடியாது’ என்பதை மட்டும்தான். 1938 செவ்ரோலெ 1953-லும் ஓடும், 1970-லும் ஓடும். ஆகவே படத்தில் உள்ள கார்களிலேயே புதியது எது என்று தேடுங்கள். பழைய காரின் அழகில் மயங்கிப் புதியதைக் கோட்டைவிடுவதுதான் எல்லாரும் செய்வது.

உங்கள் படத்தில் இடது ஓரமாக ஒரு கார் நிற்கிறது. பக்கவாட்டில் மட்கார்டு தனியாகப் புடைக்காமல் சுவர் மாதிரி நேராகப் போகிறது, கிரில் நடுவில் குண்டுபோல ஒரு உருண்டை. அது 1949 மாடல் ஃபோர்டு, அல்லது அதே உருவத்தில் அடுத்த வருடம் வந்தது. 1951 மாடலாக இருந்தால் உருண்டை இரண்டு இருக்கும். அந்த 1949 மாடல் அமெரிக்காவிலேயே 1948-ன் நடுவில்தான் விற்பனைக்கு வந்தது. ஆக இந்தப் படம் 1948-க்கும் 1953-க்கும் இடையில் எடுத்தது. எல்.ஐ.சி. கட்டடம் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது திறந்தது 1959-ல். அதுவும் பொருந்துகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): வணக்கம் அண்ணை. எங்கட வீட்டில ஒரு படம் கிடக்குது. ஆஸ்டின் ஏ40 சோமர்செட் மூண்டு வரிசையா நிக்குது. அப்ப இது 1950-கள்தானே?

பதில்: வணக்கம் தம்பி. சோமர்செட் செய்யப்பட்டது 1952 முதல் 1954 வரை. ஆனால் கார் மேல் எல்லையைத் தராது என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, அந்தப் பழைய ஆஸ்டின்களைத்தான் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாற்பது வயதான கார்கள் ஒரு ஊரையே சுமந்தன. அந்த மெக்கானிக்குகளை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உங்கள் படத்தில் பின்னால் பாதி மறைந்து நிற்பது டொயோட்டா ஹையேஸ் வான். அது ஜப்பானிலேயே 1967-ல்தான் வந்தது. 1950-கள் என்பதை விட்டுவிடுங்கள். படத்தில் இருக்கும் பெரியவர்களின் வயதை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கோவை): பழைய படங்களில் கதாநாயகன் ஓட்டும் கார்களைப் பட்டியல் போடுகிறேன். எப்படிப் போனால் நல்லது?

பதில்: பட்டியல் போடுங்கள், நல்ல வேலை. ஆனால் அந்தக் கார் காட்சிக்காகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது, அதிலிருந்து ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது. அவருக்குப் பின்னால் தற்செயலாகக் கடந்துபோகிறதே, அந்த வண்டிதான் நிஜத் தெரு. இன்னொன்று, காருக்குள் பேசும் காட்சிகள் பல ஸ்டூடியோவில் எடுத்தவை. பின் கண்ணாடியில் ஓடும் சாலை வேறொரு நாள், வேறொரு இடத்தில் எடுத்து, திரையில் ஓடவிட்டது. அதில் தெரியும் கார்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): ஃபியட்டையும் பத்மினியையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: 1960-களின் நடுவில் வந்த ஃபியட் 1100 டிலைட்டும் பிற்காலப் பிரீமியர் பத்மினியும் ஒரே உடம்பு, தூரத்திலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் அதற்கு முந்திய ஃபியட் 1100-ஐ எளிதில் பிடிக்கலாம். முன் கதவு திறந்திருந்தால் போதும். அதன் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு முன்னாலிருந்து திறக்கும்.

கேள்வி (பெங்களூர்): படத்தில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது. வெளிநாட்டுக் காரா?

பதில்: முதலில் படம் இடவலம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா பாருங்கள். நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவில்லையென்றால் ஆட்களைப் பாருங்கள். சட்டைப்பை வலது மார்பில், சேலை முந்தானை வலது தோளில் என்று எல்லாருக்கும் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கறுப்பு வெள்ளைப் படத்தில் காரின் நிறம் தெரியுமா?

பதில்: தெரியாது. அந்தக் காலத்தில் இருந்த ஆர்த்தோ என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது, சிவப்புக் கார் கறுப்பாக விழும். நிறம் பூசி வரும் படங்களை நம்பாதீர்கள்.

கேள்வி (காரைக்குடி): நம்பர் பிளேட்டில் ‘எம்.எஸ்.’ என்று தொடங்குகிறது, மீதி மங்கல். உதவுமா?

பதில்: உதவும். அது சென்னை ராஜ்ய காலத்துப் பதிவு. வண்டி பதிவான காலத்தைச் சொல்லும், படம் எடுத்த காலத்தை அல்ல. ‘டி’-யில் (T) தொடங்கும் மூன்று எழுத்துகள் அதற்குப் பிந்தியவை. ‘டி.என்.’ போட்டு உடனே இரண்டு இலக்கம் வந்தால் 1980-களின் கடைசிக்குப் பிறகு. போனில் எடுத்த படமாக இல்லாமல் 1200 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து அனுப்புங்கள், மீதி எழுத்துகளையும் படித்துப் பார்க்கலாம். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய தேதியோ இருக்கலாம்.